பயர்வாலை அணைக்க வேண்டாம், பாஸ்வேர்டை நீக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டி எங்கள் வடசென்னைப் பக்கம் பல வீடுகளில் விண்டோஸ் 11 போட்ட இரண்டாவது கணினி வந்துவிட்டது. பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை. கல்யாண வீடியோ எடிட்டிங், அழைப்பிதழ் டிடிபி, எம்பிராய்டரி டிசைன், டேலி கணக்கு என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்குப் பழையதில் இருப்பதெல்லாம் புதியதிலும் வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றின் ஃபோல்டரை மற்றொன்றிலிருந்து திறக்கலாம். முதல்முறை முயல்கிறவர்களுக்கோ 80070035 என்று முடியும் பிழை எண் வருகிறது, அல்லது எத்தனை முறை சரியாக அடித்தாலும் பாஸ்வேர்டை ஏற்காத பெட்டி வருகிறது.

அப்போது யாரைக் கேட்டாலும் மூன்று வைத்தியம் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருவதை மறிக்கும் பயர்வாலை அணை, பாஸ்வேர்டு கேட்டுத் திறக்கும் ஷேரிங்கை நிறுத்து, எஸ்எம்பி 1ஐப் போடு. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களே சிலர் இதைச் செய்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார்கள். மூன்றும் தேவையில்லாதவை, மூன்றும் ஆபத்தானவை.

இந்தப் பக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கீழ் போர்ஷனில் ஃபைபர் பெட்டி இருக்கும். மாடியில் இரண்டு குடித்தனம், பக்கத்து அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள், எல்லாரும் அதே வைஃபைதான். மாதக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதில் தவறில்லை. அந்த வைஃபையில் பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்தால் ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படம் எல்லாம் அத்தனை பேர் கைக்கும் எட்டும். எழுதும் உரிமையும் சேர்ந்திருந்தால் ஒருவர் கணினியில் புகுந்த ரான்சம்வேர் அடுத்தவர் ஃபோல்டரையும் பூட்டிவிடும்.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்பைப் பகிரும்போது தங்களுக்குள் பேசும் முறை. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. அடைப்பதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1ஐக் கழற்றத் தொடங்கிவிட்டது. 'பழைய கணினி விண்டோஸ் 7, அதனால் எஸ்எம்பி 1 வேண்டும்' என்று சொல்வது சரியல்ல. அதற்கு முந்தைய விஸ்டாவிலேயே எஸ்எம்பி 2 வந்துவிட்டது, 7இல் இருப்பது 2.1. விண்டோஸ் 11 அதனோடு நன்றாகவே பேசும். ஆகவே 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி விண்டோஸ் 7 உடன் இன்னும் வீட்டில் ஓடினால், அதிலிருந்து கோப்பை எடுக்க எதையும் தளர்த்த வேண்டியதில்லை. எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாதது எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்த அதை வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது. பென் டிரைவில் எடுத்து வாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது, புதிய கணினியில் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து எடுத்துப் போக வேண்டும்.

இனி, சரி செய்யும் வழி.

முதலில் இரண்டு கணினியும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'ஒரே இன்டர்நெட்தான்' என்பது பதிலாகாது. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஐபிவி4 முகவரி தெரியும். 192.168.1.5, 192.168.1.9 என்பதுபோல் முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சரி. 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரூட்டர் முகவரியே தரவில்லை, ஷேரிங்கைத் தொடுவதற்கு முன் கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள்.

ஒன்றில் 192.168.1 என்றும் மற்றொன்றில் 192.168.0 என்றும் இருந்தால் வீட்டில் இரண்டு ரூட்டர் இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவர் வைத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர். மாடியில் சிக்னல் வரவில்லை என்று இன்னொன்றை வாங்கி, கீழிருந்து போகும் கேபிளை அதன் இணைய இணைப்புக்கான 'வேன்' (WAN) துளையில் செருகிவிடுகிறார்கள். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மாடி ரூட்டர் தனக்குக் கீழே ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கி, அதற்கு வெளியிலிருந்து வருவதை மறித்துவிடும். மாடிக் கணினியிலிருந்து கீழ்க் கணினியை முகவரி அடித்துத் திறக்கலாம், கீழிருந்து மாடியைத் திறக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாடி ரூட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதற்கு மாற்றினால் போதும். இல்லாத பழைய ரூட்டரில் மூன்று வேலை. அதன் சொந்த முகவரியை 192.168.1.250 போல, கீழ்ப் பெட்டியின் வரிசைக்குள் வேறு எதற்கும் போகாத எண்ணாக மாற்ற வேண்டும். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும். கேபிளை 'வேன்' துளையிலிருந்து எடுத்து கணினிகளுக்கான 'லேன்' (LAN) துளை ஒன்றில் செருக வேண்டும். இதே வரிசையில் செய்யுங்கள். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால் அந்த ரூட்டரின் பக்கத்துக்குள் திரும்ப நுழைவதே பாடாகிவிடும்.

முகவரி ஒரே வரிசையில் இருந்தும் ஒன்றையொன்று எட்டவில்லை என்றால் ஒரு கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கலாம், அல்லது ரூட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' போடப்பட்டிருக்கலாம். இரண்டுமே வைஃபையில் உள்ள கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பவை. அலுவலக மடிக்கணினியாக இருந்தால் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அலுவலகக் கணினியின் கட்டுப்பாடுகளை வீட்டில் தளர்த்துவது வேலைக்கே உலை வைக்கும், அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது பயர்வால். புதிதாகச் சேரும் வைஃபையை விண்டோஸ் 11 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்கிறது, அதாவது ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எல்லாக் கதவையும் சாத்திக்கொள்கிறது. பயர்வாலை அணைத்தால் வேலை செய்துவிடுகிறதே என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். அணைக்கத் தேவையில்லை. முகவரி பார்த்த அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' போய், பிரைவேட் பிரிவில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்டு பிரின்டர் ஷேரிங்' இரண்டையும் 'ஆன்' செய்யுங்கள். பப்ளிக் பிரிவில் இரண்டும் 'ஆஃப்' ஆகவே இருக்கட்டும். தேவையான கதவு மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்குத் திறக்கும், வெளியே எடுத்துப் போகும்போது தானாகச் சாத்திக்கொள்ளும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் சிலவற்றில் சொந்த பயர்வால் உண்டு. அது விண்டோஸ் பயர்வாலின் இடத்தைப் பிடித்திருந்தால் இந்த மாற்றம் பலிக்காது. அதற்குள்ளேயே போய் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் 'நெட்வொர்க்' ஜன்னலில் மற்ற கணினியின் பெயர் தெரியவில்லை என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். பெயர் தெரிவது வேறு, திறப்பது வேறு. பெயரை அறிவிக்கும் வேலையை 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சர்வீஸ் பார்க்கிறது. அது நின்றிருந்தால் பெயர் தெரியாது, ஷேரிங் மட்டும் சரியாகவே இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். திறந்தால், பெயர் தெரியாத கணினியில் அந்த சர்வீஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டு மேலே போகலாம்.

பாஸ்வேர்டு பெட்டிதான் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது. அந்தப் பெட்டி கேட்பது, ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். நாம் எதன் முன் உட்கார்ந்திருக்கிறோமோ அதனுடையது இல்லை. வைஃபை பாஸ்வேர்டும் இல்லை. தினமும் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின் எண்ணும் இங்கே செல்லாது, ஏனென்றால் பின் அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே பேசும், நெட்வொர்க் வழியாகப் போகாது. பாஸ்வேர்டே வைக்காத பயனர் கணக்காக இருந்தால் விண்டோஸ் அதை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இணையத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணினியில் பின் மட்டுமே அடித்து வந்தால், அந்தக் கணினியின் நினைவில் பழைய பாஸ்வேர்டே தங்கியிருக்கும். புதியதை எத்தனை முறை அடித்தாலும் ஏற்காது.

இவ்வளவுக்கும் ஒரே தீர்வு, ஃபோல்டர் இருக்கும் கணினியில் பகிர்வதற்கென்று ஒரு லோக்கல் கணக்கு, அதாவது அந்தக் கணினிக்குள் மட்டுமே உள்ள பயனர் கணக்கு, வைப்பதுதான். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுன்ட்'. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைச் சொடுக்கி, அடுத்ததில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியைச் சொடுக்கினால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சிறியதாக இருக்கட்டும். பாஸ்வேர்டு கட்டாயம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுக்க வேண்டாம்.

பிறகு டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். டெஸ்க்டாப்பையோ டாக்குமென்ட்ஸையோ பகிராதீர்கள், அவை ஒன்டிரைவோடு கட்டப்பட்டிருந்தால் சில கோப்புகள் பெயரளவுக்கு மட்டுமே கணினியில் இருக்கும். முழு டிரைவையும் பகிரவே கூடாது. புதிய ஃபோல்டரில் வலது சொடுக்கு, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', 'கிவ் ஆக்சஸ் டு', 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்' என்று போய் அந்தக் கணக்கைச் சேர்த்து, பார்க்க மட்டும் என்றால் 'ரீட்', எழுதவும் வேண்டுமென்றால் 'ரீட்/ரைட்' கொடுங்கள். இந்த வழியில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகிர்வுக்கு ஓர் அனுமதி, வட்டில் உள்ள ஃபோல்டருக்கு ஓர் அனுமதி என்று விண்டோஸில் இரண்டு பூட்டு. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' போய் முதல் பூட்டில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, 'செக்யூரிட்டி' டேபில் இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தும் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. மேலே சொன்ன வழி இரண்டையும் சேர்த்துத் திறக்கும்.

மற்ற கணினியில் பெட்டி வரும்போது பயனர் பெயரை மட்டும் அடிக்காமல், ஃபோல்டர் உள்ள கணினியின் பெயர், பின்சாய்வுக்கோடு, அதன்பின் பயனர் பெயர் என்று முழுதாக அடியுங்கள். கணினியின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு தவறான பாஸ்வேர்டைச் சேமித்திருந்தால் விண்டோஸ் கேட்காமலே அதை அனுப்பித் தோற்றுக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' கீழ் அந்தக் கணினியின் பெயரிலோ முகவரியிலோ இருப்பதை நீக்கி, ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

பாஸ்வேர்டு ஷேரிங்கை நிறுத்தும் வைத்தியம் இப்போது பலிப்பதுமில்லை. அதை நிறுத்தினால் வருகிறவர் 'கெஸ்ட்' ஆக நுழைவார். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில், ப்ரோ வகை, கெஸ்ட்டாக எங்கும் நுழைய மறுக்கிறது. ஒவ்வொரு தகவலும் கையொப்பத்தோடு வர வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட்டிடம் சாவி ஏது? போன மாதம்வரை ஓடிக்கொண்டிருந்தது அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. கெஸ்ட்டைத் திரும்ப அனுமதிக்க, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கிண்டாதீர்கள், மேலே சொன்ன லோக்கல் கணக்கு போதும்.

எல்லாம் சரியாக இருந்து, பாஸ்வேர்டும் சரி என்று உறுதியாகத் தெரிந்து, அப்போதும் மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள். ஒரே கடையில் வாங்கிய இரண்டு பழைய கணினிகளில் இது நடக்கும். விண்டோஸை ஒருமுறை நிறுவி, அதை அப்படியே நகலெடுத்துப் பல கணினிகளில் பதித்து விற்பதுண்டு. அப்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்க வேண்டிய எஸ்ஐடி என்ற அடையாள எண் எல்லாவற்றிலும் ஒன்றாகிவிடும். முன்பு இதனால் வீட்டில் தொந்தரவு தெரியாது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகள் 24ஹெச்2, 25ஹெச்2 இரண்டிலும் இதைச் சோதித்து, எண் ஒன்றாக இருந்தால் நுழைவை மறுக்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டில் whoami /user என்ற கட்டளையை அடித்தால் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வரும். கடைசித் துண்டு பயனருக்கானது, அதை விட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று பெரிய எண்களும் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருந்தால், ஒன்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதைத் தவிர வீட்டில் செய்யத்தக்க நல்ல வழி இல்லை.

திறந்துவிட்டது, ஆனால் ஆமை வேகம் என்பது அடுத்த முறையீடு. இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் காற்றில் இரண்டு முறை போகிறது, ஒரு முறை ரூட்டருக்கு, ஒரு முறை அங்கிருந்து. ஒன்றையாவது கேபிளில் கட்டுங்கள். 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் நொடிக்குச் சுமார் 11 எம்பி போகும், 60 ஜிபி கல்யாண வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம். ஜிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 110 எம்பி, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜிகாபிட் ரூட்டர் வாங்கியும் ஈதர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டினால் கோளாறு கேபிளில். 100க்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி விட்டிருந்தாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு ஆர்ஜே45 முனைகளில் களிம்பு ஏறுவதும் இதைச் செய்யும், முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். போடும்போது வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சைக்கும் வெள்ளை-பச்சைக்கும் நடுவே நீல ஜோடி வருவதைப் பார்த்துத் தவறு என்று நினைத்து, ஜோடி ஜோடியாக அடுக்கிவிடாதீர்கள். 3ஆம், 6ஆம் இடங்களில் வரும் கம்பிகள் ஒரே முறுக்கு ஜோடியாக இருந்தாக வேண்டும். மாற்றி அடுக்கிய கேபிளுக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், வேகம் மட்டும் வராது. ரிச்சி தெருவில் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியது மலிவு, வளைத்து வளைத்து இழுத்தால் உள்ளே முறிந்துவிடும்.

காலையில் திறந்தது மாலையில் திறக்கவில்லை என்றால் ஃபோல்டர் உள்ள கணினி தூங்கிவிட்டதா பாருங்கள். மின்சாரத்தில் இருக்கும்போது 'ஸ்லீப்' ஆகாமல் வையுங்கள். மின்வெட்டு முடிந்து ரூட்டர் எழும்போது முகவரி எண் மாறிவிடுவதும் உண்டு. ரூட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போட்டால் மாறாது.

இணைய இணைப்புக் கொடுக்கும் உள்ளூர் கேபிள் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடியில் இரண்டாவது ரூட்டர் வைக்கும்போது ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி வையுங்கள், ஐந்து நிமிட வேலை. பழைய கணினி விற்கிறவர்கள் நகலெடுத்துப் பதிப்பதற்கு முன் 'சிஸ்பிரெப்' ஓட்டி, அடையாள எண்ணை நீக்கிவிட்டுக் கொடுங்கள். மூன்று வைத்தியமும் ஏற்கெனவே நடந்துவிட்ட வீடுகளில் இன்றே திருப்புங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் பயர்வாலை மூன்று பிரிவிலும் 'ஆன்' செய்து, 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்'கையும் 'ஆன்' செய்யுங்கள். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் இருவர்,
வியாசர்பாடி, சென்னை - 39